புதுக்கோட்டைலேர்ந்து அடையாறு, சைக்கிள்ல

தை பொறந்து ரெண்டாவது வாரம், விடியக்காலம் அஞ்சு மணிக்கு புதுக்கோட்டைலேர்ந்து கெளம்பினேன். பையனோட கியர் சைக்கிள், பின்னாடி ஒரு பை, சட்டைப் பையில எம் பொண்டாட்டி போட்டோ. போற எடம் அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட். தெரிஞ்சவங்க எல்லாரும் நான் மிதிக்கிற கிலோமீட்டருக்கு இவ்வளவு நன்கொடைன்னு ஒத்துக்கிட்டிருந்தாங்க, அந்தப் பணத்த அங்க கொண்டுபோய்க் கட்டணும். கிட்டத்தட்ட 390 கிலோமீட்டர், நாலு நாள்னு கணக்கு.

இதே ரோட்டுல அவளும் நானும் எத்தன தடவ போயிருக்கோம், எல்லாமே ராத்திரி பஸ்சு. அவளுக்கு கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். ஊர்ல கரண்டு வைக்கிறதும்பாங்கல்ல, அந்த ரேடியேஷன் முடிஞ்சு செக்கப்புக்குப் போறப்பல்லாம் பஸ்சு ஸ்பீட் பிரேக்கர் ஏறி எறங்கினாலே என் கைய இறுக்கிப் புடிச்சுக்குவா. "ஏங்க, எந்த ஊரு வந்துருக்கு?"ம்பா. நான் அரைத் தூக்கத்துல "தூங்கு, இன்னும் நெறைய இருக்கு"ன்னுடுவேன். ஒரு தடவகூட எட்டிப் பாத்து ஊர் பேரச் சொன்னதில்ல.

அதனால இந்தத் தடவ ஒவ்வொரு போர்டையும் வாய்விட்டுப் படிச்சுக்கிட்டே போனேன். நார்த்தாமலை. கீரனூர். திருச்சி தாண்டி கொள்ளிடம் பாலம், சமயபுரம், பாடாலூர். வாடைக்காத்து நேரா மூஞ்சில அடிக்குது, எவ்வளவு மிதிச்சாலும் வண்டி நகர மாட்டேங்குது, பெரம்பலூர் போய்ச் சேர்றதுக்குள்ள தொடை ரெண்டும் மரத்துப்போச்சு. அப்ப ஒன்னு நெனச்சுக்கிட்டேன். அடையாறு ஆஸ்பத்திரிய கொண்டுவந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி எங்க ஊர்ல பொறந்தவங்க, 1886ல. தங்கச்சிய கேன்சருக்குக் குடுத்தது 1923ல, ஆஸ்பத்திரிய தொறந்தது 1954ல, அதுவும் வெறும் 12 படுக்கையோட. முப்பத்தோரு வருஷம் அந்தம்மா அந்த வலிய எறக்கி வைக்காம சுமந்திருக்காங்க, எனக்கு நாலு நாள் காத்து பெருசான்னு தோணுச்சு.

ரெண்டாவது நாள் தொழுதூர் தாண்டி ஒரு டீக்கடை. கடைல ஒரு பொம்பள மட்டும்தான், நாப்பது வயசு இருக்கும். "எங்கண்ணே இந்த வெயில்ல?"ன்னு கேட்டுச்சு. சொன்னேன். என்ன வியாதின்னு கேட்டுச்சு, அதையும் சொன்னேன். வெள்ளப்படுதல், நடுநடுவுல ரத்தக்கசிவு, எட்டு மாசம் அவ எங்கிட்ட சொல்லவே இல்லங்கிறதையும் சொன்னேன். இதெல்லாம் ஒரு ஆம்பள முன்னப்பின்ன தெரியாத பொம்பளகிட்ட பேசுற விஷயமான்னு எனக்கே கூச்சமாத்தான் இருந்துச்சு, ஆனா எங்க வீட்ல இந்தக் கூச்சத்துலதான எட்டு மாசம் போச்சு. அது ஒன்னும் பேசல. அடுப்புல பால் பொங்குறத எறக்கி வச்சுட்டு, மெதுவா, "அத கண்டுபுடிக்கிற டெஸ்டு எங்கண்ணே எடுப்பாங்க?"ன்னுச்சு. முப்பது வயசு தாண்டினா அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துலயே பாப்பாங்க தங்கச்சி, காசு கெடையாது, சீக்கிரம் கண்டுபுடிச்சா முழுசா குணமாக்கிடலாம்னேன். டீக்குக் காசு வாங்க மாட்டேன்னுடுச்சு.

அப்புறம் வேப்பூர், உளுந்தூர்பேட்டை, அங்க ஒரு பஞ்சர், விழுப்புரத்துல ராத்திரி. திண்டிவனம், மதுராந்தகம் ஏரி ஓரமா அரை மணி நேரம் உக்காந்தேன், ஏரி நெறைய தண்ணி. பஸ்சுல போனப்ப இப்படி ஒரு ஏரி இருக்கிறதே தெரியாது. செங்கல்பட்டுல தங்கி நாலாவது நாள் மதியத்துக்குள்ள அடையாறு.

பணத்தக் கட்டி ரசீது வாங்கிட்டு வெளிய வந்தா மரத்தடில ஒரு புருஷன் பொண்டாட்டி. அந்தம்மா தலைல துண்டு, அவர் கைல பிளாஸ்க்கு, நாலு பக்கமும் திருதிருன்னு பாக்குறாரு. முத நாள் வந்தவங்கன்னு பாத்ததுமே தெரிஞ்சுது, நானும் அப்படித்தான நின்னேன். "சார், வெந்நி எங்க கெடைக்கும்?"னாரு.

சைக்கிள ஸ்டாண்டு போட்டுட்டு, வாங்கன்னு கூட்டிட்டுப் போனேன்.