மழையில் அழிந்த பலகை

1996-ஆம் ஆண்டு நவராத்திரியில் ஒரு மாலை, மறுநாள் சுண்டலுக்குக் கொண்டைக்கடலை வாங்கி வரும்படி என் மனைவி என்னைக் கடைக்கு அனுப்பினாள். இரவே ஊறவைக்க வேண்டும் என்பதால் எட்டு மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்பது உத்தரவு. அப்போது நாங்கள் மேற்கு மாம்பலத்தில் குடியிருந்தோம். மளிகைக் கடைக்குப் போகும் சந்தில், இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒடுங்கி உட்கார்ந்தாற்போல் ஒரு சிறிய அம்மன் கோயில் இருந்தது. நவராத்திரி ஒன்பது நாளும் அதன் முன்மண்டபத்தில் பாட்டோ பஜனையோ நடக்கும்; அன்றைய நிகழ்ச்சியை வாசலில் ஒரு கரும்பலகையில் சாக்கட்டியால் எழுதி வைப்பார்கள். அன்று பிற்பகல் பெய்த மழையில் எழுத்துகள் கரைந்துபோய், ‘மாலை 6.30’ என்பதும் ‘மாண்டலின்’ என்பதும் மட்டும் மிஞ்சியிருந்தன.

அந்தச் சொல்லைப் பார்த்து நான் நிற்கவில்லை. காரணம் இருந்தது. ஆந்திரத்துப் பாலகொல்லுவில் பிறந்த மின்சார மாண்டலின் கலைஞர் ஸ்ரீநிவாஸ், 1978-இல் ஒன்பது வயதுச் சிறுவனாகக் குடிவாடாவில் தியாகராஜ ஆராதனை மேடையில் வாசித்தவர். அடுத்த சில ஆண்டுகளில் சென்னைச் சபாக்களையும், 1983-இல் பெர்லின் ஜாஸ் விழாவையும் வியக்க வைத்தவர். அதன் பின்னர், தம் பிள்ளை கையிலும் ஒரு மாண்டலினைக் கொடுத்துப் பார்க்காத பெற்றோர் எங்கள் பக்கத்தில் குறைவு. எங்கள் தெருவிலேயே இரண்டு சிறுவர்கள் மாலைதோறும் தொடக்கப் பாடமான சரளிவரிசையைக் குத்திக் கிளறிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவனுக்கு அரங்கேற்றம் போலும் என்று எண்ணிக்கொண்டு, கோயிலைக் கடந்து பத்தடி நடந்திருப்பேன்.

உள்ளிருந்து ஹம்சத்வனி ராகம் வந்தது. ‘வாதாபி கணபதிம்’ பல்லவியில், அதே வரியை மாற்றி மாற்றி வாசிக்கும் சங்கதிகள் இரண்டு கடந்த பிறகும் நான் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். சிறுவன் வாசித்தால் வேகம் முந்திக்கொண்டு ஓடும், தாளம் பின்னாலிருந்து கூப்பிடும். இங்கே வேகம் இருந்தது, ஆனால் அவசரம் இல்லை. திரும்பி வந்து வாசற்படியில் செருப்பை உதறிவிட்டு எட்டிப் பார்த்தேன். பட்டு ஜிப்பா, நெற்றியில் திருநீறும் குங்குமமும், வாத்தியத்தைக் காட்டிலும் கேட்பவர்களைப் பார்த்து மலர்ந்துகொண்டிருந்த அந்தச் சிரிப்பு. பத்திரிகைப் படங்களில் பல ஆண்டுகளாகப் பார்த்த முகம். அவர் எப்படி அந்தச் சந்துக்குள் வந்தார் என்று யாரிடமும் விசாரிக்க எனக்குத் தோன்றவில்லை; கேட்டால் கலைந்துவிடும் என்பதுபோல் ஓர் அச்சம்.

மண்டபத்தில் ஐம்பது பேருக்கு மேல் இருந்திருக்க மாட்டார்கள். ஜமக்காளம் முழுவதும் பெண்களும் குழந்தைகளும் அமர்ந்திருந்ததால், நான் பக்கவாட்டில் ஒரு தூணோடு ஒட்டிக்கொண்டேன். அது எவ்வளவு நல்ல இடம் என்பது உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. அவருடைய இடது கை என் கண்ணுக்கு ஏழெட்டு அடி தூரத்தில் இருந்தது. ஒரே ஒரு ஒலிபெருக்கிப் பெட்டி எனக்குப் பின்புறம் வாசலைப் பார்த்து வைக்கப்பட்டிருந்தது. ஆகவே எனக்கு இரண்டு ஒலிகள் கேட்டன. பெட்டியிலிருந்து வந்தது உலகம் அறிந்த மாண்டலின். அதற்கடியில், பிளெக்ட்ரம் என்னும் அந்தச் சிறு வில்லை கம்பியைத் தொடும் மெல்லிய ‘டிக்’ ஒலி வாத்தியத்திலிருந்தே நேராக வந்தது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்கு எங்கள் வீட்டில் நடந்துகொண்டிருந்த ஒரு நெடுநாள் வழக்குதான் காரணம். என் மனைவி திருமணத்துக்கு முன் பத்து ஆண்டுகள் வீணை கற்றவள். வானொலியில் ஸ்ரீநிவாஸ் வாசிக்கும்போதெல்லாம் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து கேட்பாள். கேட்டு முடித்ததும் சந்தேகத்தைக் கிளப்புவாள். வீணையிலும் மெட்டு, அதாவது ஸ்வரத்துக்கு இடம் காட்டும் குறுக்குக் கட்டை, உண்டு; ஆனால் அதில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து ஒரே மெட்டில் பல ஸ்வரங்களைப் பிடிக்கலாம். மாண்டலினோ குட்டைக் கழுத்தும் விறைத்த கம்பியும் உடையது, அதில் கமகம் என்னும் ஸ்வர அசைவு எங்கிருந்து வருகிறது என்பது அவள் கேள்வி. “எல்லாம் மின்சாரம் செய்யும் மாயம். கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன்” என்பாள்.

அவள் சந்தேகம் பாதி நியாயமானது. பொதுவாக மாண்டலினில் நான்கு ஜோடிகளாக எட்டுக் கம்பிகள் இருக்கும். ஜோடிக் கம்பிகளை வைத்துக்கொண்டு இழைவது கடினம். மீட்டிய ஒலியும் உடனே செத்துவிடுவதால், ஒரு ஸ்வரத்தை நிறுத்திக் காட்ட அதைப் படபடவென்று தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஸ்ரீநிவாஸ் ஜோடிகளை நீக்கி ஒற்றைக் கம்பிகளாக ஐந்தை வைத்துக்கொண்டார். மின்சாரத்தின் உதவியால் ஒருமுறை மீட்டிய ஒலி நீண்டு நின்றது. அந்த நீட்சிக்குள்தான் அவருடைய விரல் வேலை செய்தது. அந்த வகையில் மின்சாரத்துக்கும் பங்கு உண்டு. நவராத்திரி மாலைகளில் எங்கள் பகுதியில் மின்சாரம் போவது வழக்கமாதலால், அன்று கச்சேரி முடியும்வரை நான் விளக்கைப் பார்த்துப் பார்த்து அம்மனை வேண்டிக்கொண்டிருந்தேன். நல்லவேளை, போகவில்லை.

தோடி எடுத்தார். வழக்குக்குத் தீர்ப்பு சொல்லக்கூடிய ராகம் அது. அதன் காந்தாரம், அதாவது ‘க’ ஸ்வரம், அசையாமல் நின்றால் தோடியே இல்லை. நான் கண்ணை எடுக்காமல் அந்த இடது கையைப் பார்த்தேன். விரல் மெட்டுக்கு மெட்டு தாவவில்லை. கம்பியை அழுத்தியபடியே வழுக்கிப் போய், சேர வேண்டிய இடத்தை ஒரு நூலளவு தாண்டித் தொட்டுவிட்டுத் திரும்பியது. சில இடங்களில் வலது கை ஒரே ஒரு ‘டிக்’ மட்டும் செய்ய, இடது கை அதை வைத்துக்கொண்டு ஒரு முழுச் சொற்றொடரைப் பாடி முடித்தது. பாடி என்றுதான் சொல்ல வேண்டும். அவருடைய குரு ருத்ரராஜு சுப்பராஜு செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர். மாண்டலின் வாசிக்கத் தெரியாததால், வாயால் பாடிக் காட்டியே சொல்லிக்கொடுத்தவர். கையைப் பார்த்துக் கற்காமல் குரலைக் கேட்டுக் கற்ற கை என்பதால்தான், வழியை அதுவே கண்டுபிடித்துக்கொண்டது போலும்.

பின்னர் வாசித்தவற்றை வரிசையாகச் சொல்ல என்னால் இயலாது. கதனகுதூகல ராகத்தில் ‘ரகுவம்ச சுதா’ வந்தபோது முன்வரிசைக் குழந்தைகள் முழங்காலிட்டு எழுந்துவிட்டதும், அவர் அவர்களைப் பார்த்துக்கொண்டே வேகத்தைக் கூட்டியதும் நினைவில் இருக்கின்றன. பக்கவாத்தியக்காரர்களின் பெயர்களைக் கேட்டு வைத்துக்கொள்ளாதது இன்றும் உறுத்துகிறது.

2014 செப்டம்பர் 19 அன்று, 45 வயதிலேயே அவர் மறைந்த செய்தி வந்த வாரத்தில், வீட்டிலிருந்த ஒலிநாடாக்களையெல்லாம் எடுத்துப் போட்டுக் கேட்டேன். தோடி இருந்தது, காந்தாரம் இருந்தது. அந்த ‘டிக்’ ஒலி மட்டும் எதிலும் இல்லை.

கச்சேரி நடந்த அன்றிரவு நான் வீட்டுக்குத் திரும்பியபோது மணி ஒன்பதரை. கடை மூடிவிட்டதால் பை காலியாக இருந்தது. கொலுப்படியின் விளக்கைக் குளிரவைத்துவிட்டு என் மனைவி கடலை எங்கே என்று கேட்டாள். மாண்டலின் என்றேன். எந்த மாண்டலின் என்றாள். சொன்னேன். சிறிது நேரம் அவள் ஒன்றும் பேசவில்லை.

“நான்கு நிமிட நடை. ஓடி வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

எழுந்திருந்தால் தூணடி இடம் போயிருக்கும் என்ற உண்மையை நான் சொல்லவில்லை. தோடியின் காந்தாரத்துக்கு விரல் எப்படிப் போயிற்று என்றாவது காட்டுங்கள் என்று, மூலையில் உறை போட்டுக் கிடந்த வீணையை எடுத்து என் முன்னால் வைத்தாள். கண் முன் அவ்வளவு தெளிவாக இருந்ததை என் விரலால் அரை அங்குலம்கூடக் காட்ட முடியவில்லை. “கடலையும் இல்லை, காந்தாரமும் இல்லை” என்று சொல்லிவிட்டு வீணையை மீண்டும் மூடினாள்.

மறுநாள் பயத்தம்பருப்புச் சுண்டல் ஆயிற்று. மாலையில் விளக்கேற்றியதும் அவள் தனியாகக் கிளம்பிப் போய், கோயில் வாசலில் பலகையைப் பார்த்தாள். சிறுமிகளின் கோலாட்டம் என்று எழுதியிருந்ததாம். முன்மண்டபத்தில் அதே தூணருகே உட்கார்ந்து, அதை முழுவதும் பார்த்துவிட்டுத்தான் திரும்பி வந்தாள்.