ஷெப்பர்டைப் படித்த நாட்கள்

ஜூன் 4

பரிசோதனை அறிக்கை இந்த வாரம் வராதாம். காத்திருப்பை ஓட்ட வில்லியம் ஹென்றி ஷெப்பர்டின் வாழ்க்கையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1865இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பிறந்த இந்தக் கறுப்பினப் போதகர், ஆப்பிரிக்காவுக்குப் போக அனுமதி வேண்டி விண்ணப்பத்துக்கு மேல் விண்ணப்பம் போட்டும், உடன் செல்ல ஒரு வெள்ளைக்காரப் போதகர் அகப்படும்வரை தென் பிரஸ்பிட்டேரியன் சபை அசைந்துகொடுக்கவில்லை. 1890இல் சாமுவேல் லாப்ஸ்லி அகப்பட்டார்.

ஜூன் 5

லாப்ஸ்லி 1892இலேயே காய்ச்சல் கண்டு இறந்துபோனார். தனியாக அனுப்பத் தகாதவர் என்று சபை கருதிய மனிதர்தான் அதன்பின் காங்கோவின் காசாய் நதிப் பகுதியில் பணியைத் தாங்கி நின்றார்.

ஜூன் 7

இன்று உடம்பு பரவாயில்லை. வாய்விட்டுச் சிரிக்கவும் முடிந்தது. அப்பகுதியில் வாழ்ந்த கூபா மக்களின் அரசர் இருந்த தலைநகரான முஷெங்கேவுக்கு அந்நியருக்கு வழி காட்டுபவர் தலை தப்பாது என்பது கட்டளை. ஷெப்பர்டோ அவர்கள் மொழியை முன்பே கற்றுவைத்திருந்தார். ஓர் ஊரில் தங்கி அங்குள்ள முட்டைகளையெல்லாம் வாங்கித் தின்று தீர்ப்பது, அடுத்த ஊரில் முட்டை வாங்கிவர ஆளனுப்புவது, அந்த ஆள் போன தடத்தைப் பிடித்துத் தாமும் போய்ச் சேர்வது என்று ஊர் ஊராக முன்னேறினார். பிடிபட்டபோது, இறந்துபோன தங்கள் அரசர் ஒருவரே மறுபிறவி எடுத்து வந்திருக்கிறார் என்று கூபா அரசவை முடிவு செய்து அவரை வரவேற்றது.

ஜூன் 8

காய்ச்சல். படிக்கவில்லை.

ஜூன் 10

இந்தப் பக்கங்களைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். 1899 செப்டம்பரில், காங்கோ அரசுக்காக வரி வசூலிக்கப் போன ஸாப்போ ஸாப் என்ற ஆயுதக் கூட்டத்தார் ஊர்களைக் கொளுத்துகிறார்கள் என்ற செய்தி வர, விசாரித்துவரும் பொறுப்பு ஷெப்பர்டின் தலையில் விழுந்தது. அவருக்கு அச்சம் இருந்தது, ஆனாலும் போனார். கூட்டத்தின் தலைவன் முன்பே அறிமுகமானவன் என்பதால் ஒளிவுமறைவின்றிப் பேசி, பந்தல் போன்ற ஓர் அமைப்பின் அருகே அழைத்துச் சென்றான். அதன்மேல் மனிதர்களின் வலக்கைகள் பரப்பப்பட்டிருந்தன. அரசு அதிகாரியிடம் காட்டும்வரை அழுகிவிடாதிருக்க, கீழே நெருப்பிட்டுப் புகைமூட்டியிருந்தார்கள். ஷெப்பர்ட் எண்ணினார். 81.

ஜூன் 11

81. அந்த இடத்தில் நின்று ஒருவரால் எப்படி எண்ண முடிந்தது என்பதே இரவெல்லாம் என் கேள்வி. ‘ஏராளமான கைகள்’ என்று எழுதியிருந்தால் மிஷனரிகளின் மிகைப்படுத்தல் என்று காங்கோவைத் தன் சொந்த உடைமையாக ஆண்ட பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் ஆட்கள் ஒதுக்கித் தள்ளியிருப்பார்கள். எண்ணத் தொடங்கியபோது அவர் இதையெல்லாம் யோசித்திருப்பார் என்று நான் நம்பவில்லை. நடுவில் எண்ணிக்கை தவறி முதலிலிருந்து தொடங்க நேர்ந்ததா?

ஜூன் 13

அறிக்கை வரவில்லை. ஷெப்பர்டின் மனைவி லூசி கான்ட் காங்கோவில் இரண்டு பெண் குழந்தைகளைப் பறிகொடுத்தவர். ஷெப்பர்டின் சாகசங்களுக்குப் பக்கம் பக்கமாக இடம் தரும் நூலாசிரியர்கள் இதை ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது.

ஜூன் 14

பாதிப் பங்கை அரசே வைத்திருந்த காசாய் கம்பெனி, ரப்பருக்காக மக்களை ஆயுதக் காவலர்களைக் கொண்டு காட்டுக்குள் விரட்டியதையும், ஒருகாலத்தில் பயிர் செழித்த கூபா ஊர்கள் பாழானதையும், 1908இல் மிஷனின் சிறு பத்திரிகையில் ஷெப்பர்ட் எழுதினார். கம்பெனி அவதூறு வழக்குத் தொடுத்தது. அவருக்காக லியோபோல்ட்வில்லுக்கு (இன்றைய கின்ஷாசா) வந்து வாதாடியவர் பெல்ஜிய சோஷலிஸ்ட் தலைவர் எமில் வான்டர்வெல்டே. 1909 அக்டோபரில் விடுதலை கிடைத்தது. ஆனால் கட்டுரையில் இந்தக் கம்பெனியின் பெயர் நேரடியாக இல்லை என்ற நுணுக்கத்தைப் பிடித்துக்கொண்ட நீதிமன்றம், எழுதியது உண்மையா என்ற கேள்விக்குள் இறங்கவில்லை. பலர் இதை மாபெரும் வெற்றி என்று எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஜூன் 16

1910இல் அவர் நாடு திரும்பியதற்கு, காங்கோப் பெண்களுடன் அவருக்கிருந்த உறவும் ஒரு காரணம். ஒரு மகனும் பிறந்திருந்தான். சபை அதை ஊரறியவிடவில்லை. லண்டன் ராயல் புவியியல் கழகம் உறுப்பினராக ஏற்று மதித்த மனிதர், கறுப்பர்களுக்குத் தனி ரயில் பெட்டி ஒதுக்கிய கென்டக்கியில், லூயிவில் நகரத்தின் ஒரு தேவாலயத்தில் போதகராக இருந்து 1927இல் இறந்தார். இந்த உறவை மறைத்துவிட்டு அவரைப் புனிதராக்குவோரையும், இதை மட்டுமே பிடித்துக்கொண்டு அந்த 81ஐ மறப்போரையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். கூடாது என்றுதான் இப்போதைக்குத் தோன்றுகிறது. லூசி என்ன நினைத்திருப்பார்?

ஜூன் 17

நாளை காலை பத்து மணிக்கு வரச் சொல்லித் தொலைபேசியில் அழைத்தார்கள்.