படகைப் பார்த்துத் திட்டம் போட்டோம்: அம்மாவோடு தாய்லாந்துத் தீவுகள்

அம்மாவுக்கு 63 வயது. கடலூரில் பிறந்து வளர்ந்தவர். தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு நடந்தே போய்விடும் தூரத்தில் வீடு. ஆனாலும் படகில் ஏறியதே இல்லை. 2024 ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், "வெளிநாடு கூட்டிட்டுப் போனா எங்க போகணும்மா?" என்று பேச்சுவாக்கில் கேட்டேன். "தீவு பாக்கணும்டி. நாலு பக்கமும் தண்ணி இருக்குற எடத்துல ஒரு ராத்திரி படுக்கணும்" என்றார். அவர் இதை எவ்வளவு நாளாக மனதில் வைத்திருந்தாரோ தெரியவில்லை. அன்று ராத்திரியே நானும் கணவரும் உட்கார்ந்து பேச ஆரம்பித்தோம். கிளம்பியது 2025 பொங்கலன்று இரவு. நடுவில் ஏழு மாதம் ஓடியது. எங்கள் வீட்டில் யாருக்கும் இதற்கு முன் இப்படித் தீவு தீவாகச் சுற்றிய அனுபவம் இல்லை.

முதல் வேலை அம்மாவுக்கு பாஸ்போர்ட். அறுபது தாண்டியவர்களுக்குக் கட்டணத்தில் பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இல்லையே, குடியேற்ற அனுமதி தேவை என்று முத்திரை குத்திவிடுவார்களோ என்று பயந்தோம். ஐம்பது வயது கடந்தவர்களுக்கு அந்தக் கவலை வேண்டாம் என்று அப்புறம்தான் தெரிந்தது. உண்மையான சிக்கல் பெயரில் வந்தது. நம்மூர்ப் பெயர் என்பது ஒரு இனிஷியல், ஒரு பெயர், அவ்வளவுதான். பாஸ்போர்ட்டில் இனிஷியலை அப்படியே போட முடியாது, விரித்து எழுத வேண்டும். குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விடலாம் என்றார்கள், விட்டுவிட்டோம். விமான டிக்கெட் போடும்போது அந்தக் காலிக் கட்டம் எங்களை நிறுத்தியது. விமான நிறுவனத்தின் தளம் குடும்பப் பெயர் இல்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போகவே விடவில்லை. போன் செய்து கேட்டதில், இரண்டு கட்டத்திலும் அதே பெயரைப் போடச் சொன்னார்கள். "இதை மெயிலில் எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கி, அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு விமான நிறுவனமும் ஒவ்வொரு மாதிரி சொல்லும் என்பதால், டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். புதிதாக விண்ணப்பிப்பவராக இருந்தால், கணவர் பெயரையோ அப்பா பெயரையோ குடும்பப் பெயராகப் போட்டுவிடுவது பின்னால் எவ்வளவோ அலைச்சலைக் குறைக்கும்.

விசா விஷயத்தில் எங்களுக்கு அதிர்ஷ்டம். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே, 2024 ஜூலையில், இந்தியர்களுக்கு விசா இல்லாமல் 60 நாள் தங்கலாம் என்று தாய்லாந்து அறிவித்துவிட்டது. விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் போய் வந்த பிறகு, 2025 மே 1 முதல், டி.டி.ஏ.சி. எனும் மின்னணு வருகை அட்டையும் கட்டாயமாகிவிட்டது. போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், கட்டணம் கிடையாது. பணம் கேட்டால் அது அரசின் தளம் இல்லை.

இனி கடல். நான் அதிக நேரம் செலவழித்துப் படித்தது இதைத்தான். தாய்லாந்துக்கு இரண்டு கடல், இரண்டு மழைக்காலம். புக்கெட், பீ பீ, லந்தா எல்லாம் மேற்கே அந்தமான் கடலில் இருக்கின்றன. கேரளாவை நனைக்கும் அதே தென்மேற்குப் பருவக்காற்று மே முதல் அக்டோபர் வரை அங்கேயும் அடிக்கிறது. சமுய், பங்கான், தாவ் தீவுகள் கிழக்கே வளைகுடாவில். நமக்கு வடகிழக்குப் பருவமழை கொட்டும் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் அவர்களுக்கும் பெருமழை. புக்கெட்டைக் கொச்சி என்றும் சமுயைக் கடலூர் என்றும் நினைத்துக்கொண்டால் போதும், எந்த மாதம் எங்கே போவது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. கோடை விடுமுறையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று மே, ஜூனில் புக்கெட் பக்கம் டிக்கெட் போட்டு, படகு ரத்தாகி ஹோட்டல் ஜன்னலில் மழை பார்த்துவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். 2018 ஜூலையில் புக்கெட் அருகே சுற்றுலாப் படகு ஒன்று புயலலையில் கவிழ்ந்து 47 பேர் இறந்தார்கள். அதைப் படித்ததும் அரையாண்டு விடுமுறை அல்லது பொங்கல், இரண்டில் ஒன்றுதான் என்று முடிவு செய்தோம். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தில் ஹோட்டல் வாடகை ஏறிவிடும், பல இடங்களில் விருந்துச் சாப்பாட்டுக்கும் சேர்த்துக் கட்டாயமாக வாங்குவார்கள். அதனால் பொங்கல். பானை பொங்கி, படையல் முடித்துவிட்டுத்தான் வருவேன் என்று அம்மாவும் சொல்லிவிட்டார்.

எங்கள் முதல் பட்டியலில் எட்டு நாளுக்கு ஆறு தீவு இருந்தது: புக்கெட், பீ பீ, லந்தா, முக், லிப்பே, போதாததற்குச் சமுய். கணவர் மகளின் கணக்கு நோட்டில் ஒரு நாளை மணி மணியாக எழுதிக் காட்டினார். பெட்டி கட்டுவது, பதினொரு மணிக்கு அறையைக் காலி செய்வது, வேனுக்குக் காத்திருப்பது, படகுத்துறையில் காத்திருப்பது, படகு, மறுபடி வேன், இரண்டு மணிக்குப் புது அறை. ஒரு தீவு மாறினால் அரை நாள் போய்விடுகிறது. ஆறு தீவென்றால் பார்க்க நேரமே இருக்காது, போய்க்கொண்டேதான் இருப்போம். லிப்பே மலேசிய எல்லையை ஒட்டி வெகு தெற்கே. அடித்தோம். முக் தீவின் மரகதக் குகைக்குள் இருட்டில் நீந்திப் போக வேண்டும். அம்மாவுக்கு ஆகாது, அடித்தோம். சமுய் வேறு கடல். அதுவும் போயிற்று. மிஞ்சியது: புக்கெட்டில் ஒரு இரவு, பீ பீயில் இரண்டு, லந்தாவில் மூன்று, கடைசியாகக் கிராபி கரையில் ஆவ் நாங் ஊரில் ஒன்று.

போன வழியே திரும்பக் கூடாது என்பதும் அந்த நோட்டில்தான் தெரிந்தது. புக்கெட்டில் இறங்கி, படகில் தெற்கே நகர்ந்து, கிராபியிலிருந்து விமானம் ஏறினால் ஒரு முழு நாள் மிச்சம். ஆனால் அங்கே ஒரு பொறி இருக்கிறது. பாங்காக்கில் விமான நிலையம் இரண்டு, சுவர்ணபூமி, டொன் முவாங். மலிவுக் கட்டண உள்நாட்டு விமானங்கள் பல டொன் முவாங்கில்தான் இறங்கும். சென்னை விமானம் சுவர்ணபூமியில். நாங்கள் முதலில் தேர்ந்தெடுத்த கிராபி விமானம் டொன் முவாங்கில் இறங்குவதாக இருந்தது, நடுவில் மூன்றே மணி நேரம். இரண்டுக்கும் நடுவே இலவசப் பேருந்து ஓடுகிறதுதான், பாங்காக் நெரிசலை நம்பி அம்மாவோடு அந்த ஓட்டம் ஓட முடியாது. ஆளுக்கு ஆயிரத்துச் சொச்சம் கூடக் கொடுத்து சுவர்ணபூமிக்கே வரும் விமானமாகப் போட்டோம். தனித்தனியாக வாங்கிய டிக்கெட் என்றால் பெட்டியை வாங்கி மறுபடி போட வேண்டும், முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. இந்த இடத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

அப்புறம் அம்மாவின் முழங்கால். ஹோட்டலின் நட்சத்திரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததைவிட, ஒவ்வொரு தடவையும் எந்தப் படகு, எங்கே ஏறுவது, எங்கே இறங்குவது என்று கேட்டுத் தேர்ந்தெடுத்ததுதான் எங்களைக் காப்பாற்றியது. பெரிய படகு என்றால் துறையிலிருந்து பலகை வழியாக நடந்தே ஏறிவிடலாம். விசைப்படகு வேகம், ஆனால் அலையில் தூக்கித் தூக்கிப் போடும், முதுகுவலி உள்ளவர்களுக்கு ஆகாது. நீள்வால் படகு (பின்னால் நீண்ட தண்டில் மோட்டார் பூட்டிய மரப்படகு) என்றால் பெரும்பாலும் கரையில் முழங்கால் தண்ணீரில் இறங்கி, சின்ன ஏணியில் ஏற வேண்டும். பீ பீயில் அழகான விடுதிகள் பல நீள்வால் படகில் மட்டுமே போகும் கரைகளில் இருந்தன. நாங்கள் தொன்சாய் துறையிலிருந்து நடக்கிற தூரத்தில், சமதரையில், இரவில் கூத்தும் பாட்டும் நடக்கிற லோ தலம் கரையைத் தள்ளி ஒரு சாதாரண அறை எடுத்தோம். தீவில் கார் கிடையாது. பெட்டிகளைத் தள்ளுவண்டியில் வைத்து ஒருவர் முன்னால் ஓட, நாங்கள் பின்னால் நடந்தோம்.

படகு டிக்கெட் என்று போனில் வருவது வெறும் ரசீதுதான். துறையில் அதைக் காட்டினால் சட்டையில் ஒரு வண்ண ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், இறங்க வேண்டிய இடத்துக்கு ஒரு வண்ணம். அம்மா தன் புடவைத் தலைப்பில் ஒட்டிய ஸ்டிக்கரைப் பயணம் முடியும்வரை உரிக்கவில்லை. குமட்டலுக்கு டாக்டரைக் கேட்டு அவோமின் வாங்கி, ஏறுவதற்கு முன்பே கொடுத்தோம். கீழ்த்தளத்தில் நடுப்பகுதியில் உட்கார வைத்தோம், அங்கே ஆட்டம் குறைவு.

பீ பீ தீவு இரண்டு சுண்ணாம்புக் குன்றுகளும் அவற்றை இணைக்கும் மெல்லிய மணல் கழுத்துமாக இருக்கும். அந்தக் கழுத்தில்தான் ஊர். முதல் மாலை நடந்து போகும்போது ஒரு நீலச் சுனாமிப் பலகை, அலைக்கு முன்னால் மேட்டைப் பார்த்து ஓடும் மனிதன் படம். அம்மா நின்றுவிட்டார். "இங்கயும் வந்துச்சா?"

"அன்னைக்கேதாம்மா. அதே ஞாயித்துக்கிழம. ரெண்டு பக்கத்துலேருந்தும்."

வேறு எதுவும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தபடி நின்றுவிட்டு, அம்பு காட்டிய மேட்டுப் பாதை எங்கே போகிறது என்று பார்த்துவரச் சொன்னார். பார்த்துவிட்டு வந்து சொன்ன பிறகுதான் அறைக்கு வந்தார். அதைத் திட்டத்திலேயே நான் சேர்த்திருக்க வேண்டும். கடலோர ஊரில் தங்கும் யாரும் முதல் நாளே செய்ய வேண்டியது அது.

மறுநாள் மாயா விரிகுடா. கூட்டம் தாங்காமல் பவளம் அழிந்து, 2018இல் மூடி, 2022 ஜனவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். இப்போதும் ஆண்டுதோறும் ஆகஸ்ட், செப்டம்பரில் மூடுகிறார்கள். தேசியப் பூங்காக் கட்டணம் பெரியவர்களுக்கு 400 பாட், பிள்ளைகளுக்கு 200. படகு முன்கரைக்கு வரக் கூடாது, பின்பக்கம் மிதவைத் துறையில் இறங்கி மரப்பாதையில் நடக்க வேண்டும். அதனால் அம்மாவால் வர முடிந்தது. நீந்தக் கூடாது, முழங்கால் வரை நிற்கலாம். அந்தத் தெளிந்த தண்ணீரில் கருமுனைச் சுறாக்குட்டி ஒன்று மகளின் காலடியைத் தாண்டிப் போனது. அவள் மூச்சே விடவில்லை.

அங்கே போக நீள்வால் படகுதான் எடுத்தோம், அம்மா கேட்டுக்கொண்டதால். படகோட்டி அவர் காலைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் படகிலிருந்து ஒரு சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்துத் தண்ணீரில் வைத்து, தன் தோளைத் தட்டிக் காட்டினார். தோளைப் பிடித்து, ஸ்டூலில் கால் வைத்து, அம்மா ஏறிவிட்டார். படகின் மூக்கில் சிவப்பும் மஞ்சளுமாகத் துணி, அதன்மேல் செவ்வந்தி மாலை. படகைக் காக்கும் மே யா நாங் எனும் பெண் தெய்வத்துக்குக் கட்டுவது, அந்த இடத்தைக் காலால் தாண்டக் கூடாது என்று மகளிடம் சொன்னேன். அம்மா மாலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். படகோட்டி திரும்பிப் பார்த்துக் கைகூப்பினார்.

சைவச் சாப்பாட்டுக்கு ஒரே சொல் போதும்: "ஜே". மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து தொங்கினால் கறி, மீன், முட்டை, மீன் சாறு எதுவும் இல்லாத கடை. மற்ற கடைகளில் "மை சாய் நாம் ப்லா", மீன் சாறு வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும், காய்கறி வதக்கலிலும் அதை ஊற்றுவார்கள். லந்தாவில் முஸ்லிம்கள் அதிகம். தெருவோரத்தில் மைதா மாவை வீசி வீசி ரொட்டி போடுகிறார்கள், வாழைப்பழம் வைத்து மடிக்கிறார்கள். நம் பரோட்டா மாஸ்டர் வீச்சுதான். அம்மா மூன்று நாளும் இரவு அதையே கேட்டார்.

பணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பாட் அப்போது சுமார் இரண்டரை ரூபாய். ஏ.டி.எம்.மில் ஒவ்வொரு முறையும் 220 பாட் கட்டணம் பிடித்தார்கள், அதனால் ஒரேயடியாக எடுத்தோம். நான்கு பேருக்கு டிக்கெட், தங்கல், படகு, சாப்பாடு, காப்பீடு சேர்த்து 2,85,000 ரூபாய் ஆனது.

லந்தாவிலிருந்து கரைக்கு வேன், கார்கள் ஏறும் படகு வழியாக. அன்று துறையில் வண்டி வரிசை நகரவே இல்லை, இரண்டு மணி நேரம் நின்றோம். சாலை க்லோங் தோம் பகுதி வழியாகப் போகிறது. தமிழ் பிராமி எழுத்தில் "பெரும்பதன் கல்" என்று பொறித்த ஒரு பொற்கொல்லரின் உரைகல் கிடைத்த இடம் அது, மூன்றாம் நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். அம்மாவிடம் சொன்னபோது, "அந்தாளு என்ன படகுல வந்திருப்பாரு?" என்று கேட்டுவிட்டு, இருட்டிவிட்ட ரப்பர் தோட்டங்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆவ் நாங் போய்ச் சேர இரவு எட்டரை. விமானம் மறுநாள் மதியம். அந்த ஓர் இரவை வீண் செலவு என்று முதலில் வெட்டியிருந்தோம், லந்தாவிலிருந்து நேரே விமான நிலையம் போய்விடலாம் என்று. கணவர்தான் பிடிவாதமாகத் திரும்பச் சேர்த்தார். கடைசி இரவு பெருங்கரையில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும், கடலையும் வரிசையையும் நம்பி டிக்கெட் போட முடியாது என்றார். அம்மா ஈரப் புடவையைப் பால்கனிக் கம்பியில் உலர்த்திவிட்டு, "லிப்பேன்னு ஒன்னு சொன்னியே, அது எவ்ளோ தூரம்?" என்று கேட்டார்.