சின்னம் இல்லாத வாக்குச்சீட்டு

தபால்ல வாக்குச்சீட்டு வந்தாச்சு. கலிஃபோர்னியாவுல பதிவு செஞ்ச எல்லாருக்கும் வீட்டுக்கே அனுப்பிடுவாங்க. ஊர்லேர்ந்து வந்திருக்கிற அம்மா அதை முன்னும் பின்னும் திருப்பிப் பாத்துட்டு, "சின்னம் எங்கடா?"ன்னாங்க. சின்னமெல்லாம் கிடையாதும்மா. பேரு, கட்சி, கீழ அவங்க பாக்கற தொழில். அவ்வளவுதான்.

அமெரிக்க நாடாளுமன்றத் தேர்தலுக்கு 2026 ஜூன் 2 முதல் சுற்று. கட்சி எதுவானாலும் அதிக ஓட்டு வாங்கின ரெண்டு பேர் நவம்பர் 3-க்குப் போவாங்க. ரெண்டு பேரும் ஒரே கட்சியாகூட இருக்கலாம்!

இந்தத் தடவை இன்னொரு கூத்து, நாடாளுமன்றத் தொகுதி எல்லைகளே மாறிடுச்சு. டெக்சாஸ்ல குடியரசுக் கட்சிக்கு 5 இடம் கூடுதலா வர்ற மாதிரி கோடு போட்டாங்க. பதிலுக்கு இங்க 2025 நவம்பர்ல மக்கள்கிட்ட நேரடியா ஓட்டுக்கு விட்ட முன்மொழிவு 50-ஐ ஜெயிக்க வச்சு, ஜனநாயகக் கட்சிக்குத் தோதா வரைபடத்தை மாத்தியாச்சு. கலிஃபோர்னியாவுக்கு மொத்தம் 52 தொகுதி. நானும் அந்த முன்மொழிவுக்கு ஆமான்னுதான் போட்டேன். பெருமையா சொல்லிக்கிற விஷயமில்ல.

உறைமேல கையெழுத்து போடறப்பதான் உதறுது. போன தடவை கையெழுத்து பொருந்தலைன்னு கடுதாசி வந்துச்சு. இப்போ லைசென்ஸைப் பக்கத்துல வச்சு, சுழியைப் பாத்துப் பாத்துப் போட்டுட்டிருக்கேன். அம்மா சிரிக்கறாங்க.