ராய்கட்: சிம்மாசனத்தோடு திரும்பிவிடாதீர்கள்

ராய்கட் மலைக்கோட்டைக்குப் போகிறவர்களில் பலர் ரோப்காரில் ஏறி, அரண்மனை மேடையையும் சிம்மாசனச் சிலையையும் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். மராத்திய மன்னர் சத்ரபதி சிவாஜியின் சமாதி இருப்பதோ மலையுச்சியின் மறுகோடியில். அதையும் சேர்த்துப் பார்க்க மேலே மூன்று மணி நேரமாவது வேண்டும்.

மகாராஷ்டிரத்தில் மஹாட் ஊரிலிருந்து மலையடிவாரம் சுமார் 25 கி.மீ. ரயிலில் வருபவர்களுக்குக் கொங்கண் பாதையில் வீர், மாண்காவ் நிலையங்கள் வசதி. புனேயிலிருந்து காரில் வந்தால் தாம்ஹிணி மலைப்பாதை. மழைக்காலத்தில் அங்கே மண் சரியும். அடிவாரத்துக்குச் சற்று முன் வரும் பாசாடில் சிவாஜியின் தாய் ஜீஜாபாயின் சமாதி இருக்கிறது. மலையிலிருந்து இறங்கியபின் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டால் பெரும்பாலும் நடக்காது.

படி ஏறுவோர் அடிவாரத்தில் சித் தர்வாஜா என்ற இடத்தில் தொடங்க வேண்டும். படிக்கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். 1,400 முதல் 1,700 வரை சொல்வார்கள். ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். படிகள் ஒரே உயரமாக இல்லை. அதனால் ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது முட்டி வலிக்கும். ஏறுவது நடந்து, இறங்குவது ரோப்காரில் என்பதே சிறந்த ஏற்பாடு. ஆனால் இரண்டு விஷயம்: ஒருவழிச் சீட்டு கிடைக்குமா என்று கீழேயே கேட்டுக்கொள்ளுங்கள். ரோப்கார் நிலையம் இருப்பது ஹிர்கணிவாடியில்; வண்டியைச் சித் தர்வாஜாவில் விட்டிருந்தால் சாலை வழியே திரும்பி நடக்க வேண்டும். காற்று பலமாக அடித்தால் ரோப்காரை நிறுத்திவிடுவார்கள். சாயங்காலம் இறங்கும் வரிசையும் நீளம்.

நடப்பவர்களுக்கு மட்டும் கிடைப்பது மகாதர்வாஜா. இரண்டு பெரிய கொத்தளங்களுக்கு நடுவே பாதை வளைந்து போவதால், அருகில் வரும்வரை வாசல் கண்ணில் படாது. யானையை ஓட்டி வந்து கதவை மோத இடமே இல்லை.

மேலே அரண்மனை என்று எதையும் எதிர்பார்க்க வேண்டாம். 1818 மே மாதம் ஆங்கிலேயர் எதிர்க்குன்றிலிருந்து பீரங்கியால் சுட்டதில் பிடித்த தீ மரக்கட்டடங்களைத் தின்றுவிட்டது. மிஞ்சியவை கல் அடித்தளங்கள். ராணிகளின் அறைகள், ராஜசபை, எதிரே நகார்கானா என்ற முரசு மண்டப வாசல். 1674 ஜூன் 6 அன்று முடிசூட்டு விழா நடந்தது இந்தச் சபையில்தான். சிம்மாசன மேடையில் ஒருவரை நிறுத்திவிட்டு நகார்கானாவிலிருந்து மெதுவாகப் பேசிப் பாருங்கள், தெளிவாகக் கேட்கும். கூட்டமில்லாத காலை நேரத்தில்தான் இது பலிக்கும்.

இங்கே தமிழர்களுக்கு ஒரு தொடர்பு உண்டு. 1689இல் சிவாஜியின் மகன் சம்பாஜி கொல்லப்பட்டபின், முகலாயர் முற்றுகையிலிருந்து தப்பிய அவர் தம்பி ராஜாராம் வந்து சேர்ந்த இடம் நம் செஞ்சி. ராய்கட்டைப் பிடித்த முகலாயத் தளபதி ஜுல்பிகர் கானே பிறகு செஞ்சியையும் முற்றுகையிட்டான். அதைப் பிடிக்க அவனுக்கு 1698 வரை ஆனது. 2025இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய 12 மராத்தியக் கோட்டைகளில் இரண்டும் உண்டு.

சபையிலிருந்து கடைவீதி வழியே நேராக நடந்தால் ஜகதீஸ்வரர் கோயில். அதன் வாசற்படிக் கல்லில், கோட்டையைக் கட்டிய ஹிரோஜி தன்னைச் சேவைக்கு எப்போதும் ஆயத்தமானவன் என்று பொறித்துவைத்திருக்கிறார். தலைகுனிந்து தேடாவிட்டால் மிதித்துக்கொண்டே போய்விடுவோம். கோயிலுக்குக் கிழக்கே எண்கோணச் சமாதி. 1680 ஏப்ரல் 3 அன்று இந்த மலையில்தான் சிவாஜி இறந்தார். பக்கத்தில் உயரமான பீடத்தின்மேல் சிவாஜியின் சிதையில் பாய்ந்து உயிர்விட்டதாகச் சொல்லப்படும் வாக்யா என்ற நாயின் சிலை. அந்தக் கதைக்குச் சமகாலச் சான்று இல்லை என்பதால் சிலையை அகற்றச் சொல்லி மகாராஷ்டிரத்தில் வாதம் ஓயவில்லை.

சமாதியில் செருப்பைக் கழற்ற வேண்டும். மதியத்தில் கருங்கல் சுடும், காலுறை கொண்டுபோங்கள். நிழலும் குறைவு, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் அவசியம். குடிசைக் கடைகளில் பிட்லா என்ற கடலைமாவுக் கூட்டும் பாக்ரி ரொட்டியும் மோரும் கிடைக்கும், சில்லறையாகப் பணம் வைத்துக்கொள்ளுங்கள்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். ஜூலை, ஆகஸ்டில் மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது, பாசிபடிந்த படியும் வழுக்கும். முடிசூட்டு விழாவை ஜூன் 6 அன்றும், திதிப்படி மராத்தியப் பஞ்சாங்கத்தின் ஜ்யேஷ்ட மாத வளர்பிறைத் திரயோதசியை ஒட்டியும் இரண்டு முறை கொண்டாடுவதால், அந்த நாட்களில் மலை முழுக்கத் தலைகள்தான். விழாவுக்கென்றே போகாதவர்கள் அந்த வாரங்களைத் தவிர்ப்பது நல்லது.