பின் டிரம் பிரேக் ஷூ மாற்றும்போது: கேபிளில் கை வைப்பது கடைசியில்தான்

ஹேண்ட் பிரேக் லீவர் வழக்கத்தைவிட உயரமாக வருகிறது, பெடலும் கொஞ்சம் கீழே இறங்குகிறது என்று சொன்னால், பல இடங்களில் உடனே செய்வது கேபிளை டைட் வைப்பதுதான். அது தவறு. டிரம் என்பது சக்கரத்தோடு சுழலும் கிண்ணம்; ஷூ அதன் உட்புறத்தில் அழுத்திச் சக்கரத்தை நிறுத்தும் வளைந்த துண்டு; ஷூவின் மேல் ஒட்டிய உராய்வுப் பட்டைதான் லைனிங். லைனிங் தேய்ந்து ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடியதால்தான் லீவர் மேலே வருகிறது. கேபிளை இழுத்துக் கட்டினால், ஷூவோடு சேர்ந்த பார்க்கிங் லீவர் பழைய இடத்துக்குத் திரும்பாமல் பாதியில் நின்றுவிடும். பிறகு தானாக இடைவெளியைக் குறைக்கும் அட்ஜஸ்டர் வேலை செய்யாது. டிரம்மைக் கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும்.

இங்கே சொல்வது டாக்சியாக நிறைய ஓடும் எட்டியோஸ் போன்ற கார்களுக்கு. டிரம் தனி, ஹப் (சக்கரம் பூட்டும் நடுப்பகுதி) தனி என்ற அமைப்பு. பேரிங் டிரம்முக்குள்ளேயே இருக்கும் மாருதி 800, ஆல்டோ வகையில் நடு மூடியைத் தட்டி எடுத்து, நட்டைக் கழற்றிய பிறகுதான் டிரம் வரும்.

வாங்க வேண்டியவை: இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து நான்கு ஷூ, ஸ்பிரிங் செட், பார்க்கிங் லீவரைப் பிடிக்கும் சி வடிவ வாஷர் இரண்டு, பிரேக் கிளீனர் ஒரு டப்பா, சூடு தாங்கும் பிரேக் கிரீஸ், 8 மி.மீ. போல்ட் இரண்டு. ஒரு பக்கம் மட்டும் ஷூ மாற்றக் கூடாது. வண்டி பிரேக்கில் ஒரு பக்கம் இழுக்கும்.

சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை வைத்து, முதல் கியரில் விட்டு, ஹேண்ட் பிரேக்கை முழுக்க இறக்க வேண்டும். ஜாக்கியை நம்பி வேலை செய்யாதீர்கள், ஸ்டாண்டு அவசியம்.

டிரம் முகத்தில் மரை போட்ட இரண்டு ஓட்டைகள் இருக்கும். 8 மி.மீ. போல்ட்களை மாறி மாறி அரைச் சுற்றாக இறுக்கினால் டிரம் வெளியே வரும். பாதி வந்து நின்றால் காரணம் துரு இல்லை. டிரம் விளிம்பில் தேயாமல் நின்ற மேட்டில் ஷூ மாட்டியிருக்கிறது. டிரம்முக்குப் பின்னால் ஷூக்களைத் தாங்கும் பின் தட்டில் உள்ள ரப்பர் மூடியை எடுத்து, மெல்லிய ஸ்க்ரூ டிரைவரால் அட்ஜஸ்டர் லீவரைத் தள்ளிப் பிடித்து, இன்னொன்றால் ஸ்டார் வீலை (அட்ஜஸ்டரில் உள்ள பல் சக்கரம்) தளர்த்த வேண்டும். லீவரைத் தள்ளாமல் திருப்பினால் பற்கள் மழுங்கிவிடும். டிரம் விளிம்பில் சுத்தியல் படவே கூடாது. வார்ப்பிரும்பு, விரிசல் விட்டுவிடும்.

உள்ளே உள்ள தூசியைக் காற்றடித்து ஊத வேண்டாம். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். கிளீனரால் நனைத்துத் துடைத்தெடுங்கள். லைனிங் புதிதில் ஏறத்தாழ 4 மி.மீ.; 1 மி.மீ.க்கு வந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். முன்பக்க ஷூவே பெரும்பாலும் அதிகம் தேய்ந்திருக்கும். டிரம் சுழலும் போக்கு அதைத் தன்னோடு இழுத்து அழுத்துவதுதான் காரணம்.

அடுத்து வீல் சிலிண்டர், அதாவது பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலின் அழுத்தத்தில் ஷூக்களை வெளியே தள்ளும் பாகம். ரப்பர் பூட்டின் ஓரத்தை நகத்தால் தூக்கிப் பாருங்கள். எண்ணெய் வழிந்தால் சிலிண்டரையும் மாற்றாமல் புது ஷூ போடுவது வீண், லைனிங் நனைந்துவிடும். டிரம் வெளியே இருக்கும்போது யாரும் பெடலை மிதிக்கக் கூடாது. பிஸ்டன் வெளியே தள்ளிவிடும்.

ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைப் பிரியுங்கள். எந்த ஸ்பிரிங் எந்த ஓட்டையில் என்று சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ளலாம். ஷூவைத் தட்டோடு பிடிக்கும் சின்ன ஸ்பிரிங்கின் கிண்ணத்தை பிளேயரால் அழுத்தி, பின்னைப் பின்னாலிருந்து பிடித்தபடி 90 டிகிரி திருப்பினால் கழன்றுவிடும். இந்த வேலையில் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ஸ்பிரிங் பறக்கும்.

பழைய ஷூவிலிருந்து பார்க்கிங் லீவரை எடுத்துப் புதியதில் மாட்டி, சி வாஷரை பிளேயரால் நெருக்கி மூடுங்கள். பின் தட்டில் ஷூ உரசிப் பளபளப்பான இடங்கள் ஒரு ஷூவுக்கு மூன்று இருக்கும். அங்கேயும் அட்ஜஸ்டர் மரையிலும் மட்டும் மெலிதாக கிரீஸ். அந்த இடங்களில் பள்ளம் விழுந்திருந்தால் ஷூ அதில் சிக்கித் திரும்பாது, தட்டையே மாற்ற வேண்டிவரும். லைனிங்கில் கிரீஸ் விரல் பட்டால் உப்புத்தாளால் தேய்த்து கிளீனர் அடியுங்கள்.

அதிகம் ஏமாற்றுவது அட்ஜஸ்டர்தான். இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் மரை எதிரெதிர். மாற்றிப் போட்டால் பார்க்க ஒன்றுபோல்தான் இருக்கும், ஆனால் ஷூவை விரிப்பதற்குப் பதிலாகச் சுருக்கிக்கொண்டே போகும். சில நாளில் பெடல் இறங்கிவிடும்.

டிரம் மாட்டும்முன் அதில் வார்த்திருக்கும் அதிகபட்ச விட்ட அளவைப் பாருங்கள். அதைத் தாண்டியிருந்தால் லேத்தில் கடைய வேண்டாம், புதிது வாங்குங்கள்.

டிரம்மை மாட்டி, சுற்றும்போது லேசாக உரசும் சத்தம் வரும்வரை ஸ்டார் வீலைத் திருப்பி ஷூவை விரியுங்கள். இரு பக்கமும் முடிந்ததும் பெடலைப் பலமுறை மிதித்து ஷூ நடுவில் உட்கார விடுங்கள். ஹேண்ட் பிரேக் கேபிளைத் தொடுவது அதற்குப் பிறகுதான். லீவரைத் தூக்கும்போது கேட்கும் கிளிக் சத்தத்தை எண்ணுங்கள், கார் கையேட்டில் சொன்ன கிளிக்கில் பிடித்தால் போதும். லீவரை இறக்கியதும் சக்கரம் தடையின்றிச் சுற்ற வேண்டும்.

சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இரண்டு பின் சக்கரத்தின் அருகிலும் கையை நீட்டிப் பாருங்கள், தொட வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் அதிகமாகச் சூடடித்தால் அந்த ஷூ பிடித்திருக்கிறது. ஸ்டார் வீலை ஒன்றிரண்டு பல் தளர்த்துங்கள்.