மீந்த சோறு

போன வாரம் ராத்திரி வடித்த சோறு மீந்து, விடியும்வரை அடுப்படியிலேயே இருந்துவிட்டது. காலையில் முகர்ந்து பார்த்தேன், எந்த வாடையும் இல்லை. எலுமிச்சை பிழிந்து தாளித்து மகனுக்கு டிபன் பாக்ஸில் கட்டிக் கொடுத்தேன். மதியம் பள்ளியிலிருந்து போன். சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் வாந்தி. இப்போது நன்றாக இருக்கிறான், ஆனால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்றொரு பாக்டீரியா இருக்கும். அதன் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தி வரவைக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. சூடு பண்ணினால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் இத்தனை வருஷமாக நம்பியிருந்தேன்.

இப்போது மீந்த சோற்றை அகலத் தட்டில் பரப்பி ஆறவைத்து, வடித்த 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுகிறேன். சித்திரை வெயிலில் 1 மணி நேரம்தான். சாம்பாரையும் குண்டானோடு வைப்பதில்லை. நடுவில் சூடு நெடுநேரம் நிற்கும் என்பதால் சின்ன டப்பாக்களில் பிரித்து வைக்கிறேன். மறுநாள் வேண்டிய அளவு மட்டும் எடுத்து நன்றாகக் கொதிக்க விடுகிறேன்.

"அப்போ பழைய சோறு?" என்று அம்மா கேட்டார். தண்ணீர் ஊற்றிப் புளிக்க வைக்கும்போது லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகிப் புளிப்பு ஏறுகிறது. அந்தப் புளிப்பு கெட்ட கிருமிகளை அடக்கி வைக்கும். சும்மா மூடிவைத்த சோற்றுக்கு அந்தக் காவல் இல்லை அம்மா என்றேன்.

நேற்று மறுபடி எலுமிச்சை சாதம் கேட்டான். காலையில் புதிதாக வடித்துக் கிளறிக் கொடுத்தேன்.